தாய்மார்க்குக் கொடுத்த வாக்கு

2013ஆம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்டு நிறைவேற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு சில வரிகளே கொண்டது. கர்ப்பிணியாகவோ, கைக்குழந்தைக்குப் பாலூட்டுபவளாகவோ உள்ள ஒவ்வொரு ஸ்திரீயும் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாத பிரசவ சகாயம் பெற உரிமையுடையவள் என்று அது கூறுகிறது. சர்க்கார் உத்தியோகத்திலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் நிலையாக வேலை பார்ப்போரும், வேறு சட்டப்படி இத்தகைய சகாயம் பெறுவோருமே அதற்கு விலக்கு. முதற் குழந்தை, இரண்டாம் குழந்தை என்ற பேதம் அப்பிரிவில் இல்லை. ஏழை என்று ருசுப்படுத்தும் அத்தாட்சியும் கேட்கப்படவில்லை. 'ஒவ்வொரு' என்பதே சட்டத்தின் சொல். சட்டம் பிறந்து பன்னிரண்டு வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் அந்தச் சொல் இன்னும் காகிதத்தை விட்டு இறங்கி வரவில்லை.

இதனை ஒரு சிறு விஷயமென்று தள்ளிவிட இயலாது. ஏழைக் குடும்பம் ஒன்று எந்தச் சமயத்தில் இடறி விழுகிறது என்பதைக் கவனிப்போர்க்கு இதன் முக்கியத்துவம் எளிதில் விளங்கும். நாட்கூலி செய்யும் குடும்பத்தில் நான்கு கைகள் உழைத்தால்தான் அடுப்பு எரியும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இரண்டு கைகள் ஓய்ந்துவிடுகின்றன. குழந்தை பிறந்த பின்னரும் சில மாதங்கள் அவை வேலைக்குத் திரும்ப முடியாது. வரவு குறையும் அதே வேளையில் செலவு பெருகுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகவர வண்டிச் சத்தம், மருந்து, துணைக்கு வருபவரின் சாப்பாடு, பத்தியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பல குடும்பங்களில் கடன் முதன்முதல் புகும் வாசல் பிரசவ அறையே ஆகும். கடனுக்கு அஞ்சுகிறவள் நிறைமாதத்திலும் நாற்று நடவுக்கும் செங்கற் சூளைக்கும் போகிறாள். பிரசவமான சில வாரங்களிலேயே பச்சைக் குழந்தையைத் தூளியிலிட்டுவிட்டுத் திரும்பவும் வேலையில் இறங்குகிறாள்.

இவை இரக்கத்தினால் மிகைப்படுத்திக் கூறும் வார்த்தைகள் அல்ல. 2019ஆம் வருஷத்தில் பொருளாதார அறிஞர் ஜீன் டிரேஸும் ரீதிகா கேராவும் அவர்களுடைய சகாக்களும் வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலுமாக ஆறு இராஜ்யங்களில் சுமார் எழுநூறு கர்ப்பிணிகளையும் இளந்தாய்மாரையும் நேரிற் கண்டு விசாரணை நடத்தினார்கள். கர்ப்ப காலத்தில் அவர்கள் உடல் எடை சராசரியாக ஏழு கிலோவே கூடியிருந்தது. உத்தரப் பிரதேசத்தில் அது நான்கு கிலோவுக்குச் சுருங்கியிருந்தது. மெலிந்த உடலுடைய பெண்கள் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடவேண்டுமென்பது வைத்திய சாஸ்திரம் கூறும் அளவு. பிரசவச் செலவுக்காக ஏறக்குறைய மூன்றிலொரு குடும்பம் கடன் வாங்கியோ, கையிலிருந்த பொருளை விற்றோ சமாளித்ததாகவும் அவ்விசாரணை கண்டது.

இதற்கு முன்னர் 2015இல் டயான் காஃபி என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கணக்கு இன்னும் நம்மைத் தலைகுனியச் செய்வது. இந்தியாவில் கருவுறும் தறுவாயிலுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் உரிய எடைக்குக் குறைந்தவர்கள்; நம்மைவிட வறியனவென்று நாம் எண்ணும் ஸஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அத்தொகை நூற்றுக்குப் பதினாறு அல்லது பதினேழே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல அளவீட்டின்படி, நமது கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள்.

தாயின் வயிறு வாடினால் அந்த வாட்டம் அவளோடு முடிவதில்லை. 1944–45ஆம் வருஷக் குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த ஹாலந்தின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. அப்போது கருவிலிருந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், நடுவயதில் அவர்களிடம் இருதய நோயும் சர்க்கரை நோய்க்குரிய கோளாறுகளும் மிகுந்திருந்ததைக் கண்டார்கள். சில மாதப் பட்டினி ஐம்பது வருஷம் கழித்தும் கணக்குக் கேட்கிறது. பஞ்சம் என்ற பெயரில்லாமலே நமது கிராமங்களில் வருஷந்தோறும் நடக்கும் அரைப் பட்டினிக்கு நாம் எத்தனை தலைமுறை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்!

இதன் மறுபக்கமும் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1911 முதல் 1935 வரை, கணவனை இழந்தும் கைவிடப்பட்டும் குழந்தைகளோடு தவித்த தாய்மார்க்கு ரொக்க சகாயம் அளிக்கும் சட்டங்கள் பல இராஜ்யங்களில் இருந்தன. மனுச் செய்து சகாயம் பெற்ற தாய்மாரின் புதல்வர்களையும், மனுச் செய்தும் நிராகரிக்கப்பட்ட தாய்மாரின் புதல்வர்களையும் ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. சகாயம் பெற்ற வீட்டுப் பிள்ளைகள் சராசரியாக ஒரு வருஷம் அதிகம் வாழ்ந்தார்கள். அவர்கள் கூடுதலாகப் படித்தார்கள். வளர்ந்த பின் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். நிராகரிக்கப்பட்டவர்களோ பெரும்பாலும் சற்று மேலான நிலையில் இருந்த குடும்பத்தினர் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தச் சிறு தொகையின் பலன் எவ்வளவு பெரிதென்று புலப்படும். சகாயம் நின்றுபோய் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அதன் பயன் நின்றுவிடவில்லை.

இவ்விஷயத்தில் அந்நிய நாட்டாரிடம் பாடம் கேட்டுத்தான் விழிக்க வேண்டும் என்ற நிலையில் நம் தேசம் இருந்ததில்லை. 1928ஆம் வருஷம் பம்பாய்ச் சட்டசபையில் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குப் பிரசவ சகாயம் அளிக்கும் மசோதா விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நன்மைக்கே ஆகும். ஆகையால் அச்செலவின் பெரும்பாகத்தைச் சர்க்கார் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் பம்பாயிலும், 1934இல் சென்னை மாகாணத்திலும் பிரசவ சகாயச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் தனது 42ஆம் ஷரத்தில் பிரசவ கால நிவாரணத்தை இராஜ்யத்தின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. 1961இல் தேசம் முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. 2017இல் அது திருத்தப்பட்டு, முதலிரு குழந்தைகளுக்கு இருபத்தாறு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்றாயிற்று. 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த அளவைக் காத்திருக்கிறது.

இவை யாவும் நல்லவையே. ஆனால் எவருக்கு நல்லவை? பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களில், சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. நமது உழைக்கும் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வயலிலும், கட்டிட வேலையிலும், பீடி சுற்றுவதிலும், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குவதிலும் காலம் தள்ளுபவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நாளொன்றுக்கு முந்நூறு ரூபாய் கூலி பெறும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வாரம் ஆறு நாளாக இருபத்தாறு வாரத்துக்கு அவள் கூலி 46,800 ரூபாய். ஆபீஸ் உத்தியோகஸ்தைக்குச் சட்டம் அளிக்கும் ஓய்வை இவளுக்கும் அளிப்பதானால் அத்தொகை வேண்டும். நாம் அதனைக்கூடக் கேட்கவில்லை. 2013இல் தேசம் தன் வாயால் சொன்ன ஆறாயிரத்தைத்தான் கேட்கிறோம். அது அவளுடைய இருபது நாள் கூலி.

அந்த இருபது நாள் கூலியும் எவ்வாறு அரிக்கப்பட்டது என்பதைக் காண்போம். சட்டம் வந்த பின்னர் மூன்று வருஷத்துக்கு மேல் இந்திய சர்க்கார் அதனைத் தேசமெங்கும் அமல் நடத்தவில்லை. 2016 டிசம்பர் 31ஆம் தேதி பிரதம மந்திரி தமது பிரசங்கத்தில் ஆறாயிரம் ரூபாய் அளிக்கப்படும் என்று அறிவித்தார். 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மாத்ரு வந்தனா திட்டத்தில் ஆறாயிரம் ஐயாயிரமாயிற்று; 'ஒவ்வொரு' தாய் முதற் குழந்தையைப் பெறும் தாய் என்று சுருங்கினாள். 2022இல் அத்திட்டம் திருத்தப்பட்டபோது இரண்டாம் குழந்தைக்கும் ஆறாயிரம் உண்டென்றார்கள். ஆனால் அக்குழந்தை பெண்ணாக இருக்க வேண்டும். பெண் குழந்தைக்கு மதிப்புத் தேடும் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. எனினும், ஆண் குழந்தையைச் சுமந்தவளுக்குப் பசி எடுக்காதா என்று கேட்காமலிருக்க முடியவில்லை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று அறிவதைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அங்ஙனமிருக்க, கர்ப்பத்தில் வேண்டிய போஷாக்குக்கு உரிய பணத்தை, பிறந்த குழந்தையின் பாலைப் பார்த்துவிட்டுக் கொடுப்பது என்ன நியாயம்?

தொகையும் நிபந்தனையும் போதாவென்று காகிதங்களின் சுவரும் எழுப்பப்பட்டது. 2017ஆம் வருஷத் திட்டத்தில் மூன்று தவணைகளுக்கும் தனித்தனி மனு. மனைவியின் ஆதாருடன் கணவனின் ஆதாரும் தேவை. பாங்கிக் கணக்கு, தாய்சேய் நல அட்டை, குழந்தையின் பிறப்புப் பதிவு ஆகிய யாவும் ஒரெழுத்தும் மாறாமல் பொருந்த வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நமது தேசத்தின் பழைய வழக்கம். அட்டையில் ஒரு விலாசம், ஆதாரில் ஒரு விலாசம், பிரசவம் நடந்தது மூன்றாவது ஊரில் என்றால் மனு அங்குமிங்குமாக அலைகிறது. கணவனால் கைவிடப்பட்டவள் அவனுடைய ஆதாரை எங்கே போய்க் கேட்பாள்? 2022இல் அந்த ஒரு விதி தளர்த்தப்பட்டது நல்லதே. ஆயினும் எழுதப் படிக்கத் தெரிந்து, ஆபீசுக்கு நான்கு முறை நடக்கச் சக்தியுள்ளவளுக்குப் பணம் எளிதிற் கிடைக்கிறது. அது மிகவும் தேவைப்படுபவளுக்கே கிடைக்காமற் போகிறது. சலிக்கிறோம் என்று எடுத்த சல்லடையில் உமி தங்கி மணி உதிர்ந்து போகிறது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் அனுபவத்தைக் கூறுவது பொருத்தமாகும். சென்னைச் சட்டசபையின் உபதலைவராயிருந்து, 1930இல் மகாத்மா சிறை செய்யப்பட்டதைக் கண்டித்து ராஜினாமாச் செய்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால், 1987ஆம் வருஷத்தில் இங்கு பிரசவ சகாயத் திட்டம் தொடங்கியது. அப்போது தொகை முந்நூறு ரூபாய். 2006இல் அது ஆறாயிரமாகவும், 2011இல் பன்னீராயிரமாகவும், 2018இல் போஷாக்குப் பொருள்களையும் சேர்த்துப் பதினெண்ணாயிரமாகவும் உயர்ந்தது. கட்சிகள் மாறி மாறி ஆண்டபோதும் இத்திட்டம் சுருங்காமல் வளர்ந்தது. இந்திய சர்க்கார் ஆறாயிரத்தைப் பற்றிச் சட்டம் இயற்றுவதற்கு ஏழு வருஷம் முன்னரே தமிழ்நாடு அத்தொகையை அளிக்கத் தொடங்கிவிட்டது. 2018–20ஆம் வருஷக் கணக்கின்படி லட்சம் பிரசவங்களுக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97; தமிழ்நாட்டில் 54. இந்தப் பெருமை முழுவதும் ரொக்க சகாயத்தினால் வந்ததென்று நாம் கூற மாட்டோம். ஆரம்ப சுகாதார நிலையங்களும், கிராம நர்சுகளும், பெண் கல்வியும் அதில் பெரும் பங்கு கொண்டவை. ஆயினும் ஆஸ்பத்திரிக்கு வா என்று அழைப்பவர்கள் வருவதற்கு வழிச்செலவும் கொடுத்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

தமிழ்நாட்டுத் திட்டமும் பழுதற்றதல்ல. வறுமைக் கோட்டுக்குக் கீழ், பத்தொன்பது வயதுக்கு மேல், பிரசவம் இரண்டோடு சரி என்னும் வேலிகள் இங்கும் போடப்பட்டன. இத்திட்டத்தைப் பற்றி 2012இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, மிகவும் நலிந்த பெண்களில் பலர் இந்த நிபந்தனைகளாலும் சிக்கலான மனு முறையாலும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்று எடுத்துக் காட்டியது. பதினெட்டு வயதுக்குள் மணமுடிக்கப்பட்ட சிறுமி, குழந்தை மணத்தின் குற்றவாளி அல்லள், அதற்குப் பலியானவள். அவள் கர்ப்பமுற்றால் மற்றெவரையும்விட அவளுக்கே ஆபத்து அதிகம். வயது போதாதென்று அவளைத் திருப்பியனுப்புவது சட்டத்துக்கு மரியாதை செய்வதாகாது. அடிபட்டவளை இரண்டாம் முறை அடிப்பதாகும்.

சலித்தெடுப்பதைக் கைவிட்டால் என்ன நிகழும் என்பதையும் நமது இராஜ்யமே காட்டியிருக்கிறது. 1997இல் இந்திய சர்க்கார் ரேஷன் அட்டைகளை ஏழை என்றும் ஏழையல்லாதார் என்றும் பிரித்தபோது, தமிழ்நாடு பொதுவாக எல்லா அட்டைதாரர்க்கும் அரிசி வழங்கும் முறையை விடவில்லை. பள்ளிக்கூடத்து மத்தியான உணவும் அவ்வாறே. 1920இல் சென்னை நகரசபைப் பள்ளியொன்றில் தொடங்கி, 1956இல் காமராஜரால் இராஜ்யமெங்கும் பரவி, 1982இல் எம்.ஜி.ஆரால் விரிந்த அந்தத் திட்டத்தில், இலையில் உட்காரும் குழந்தையிடம் உன் தகப்பன் வருமானம் என்னவென்று எவரும் கேட்பதில்லை. 2001இல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தேசம் முழுமைக்கும் கட்டளையாக்கியது. எல்லோருக்கும் உரியதென்று ஆனபோது அத்திட்டத்தைக் குறைக்க எந்தச் சர்க்காருக்கும் துணிவு வரவில்லை. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய திட்டம் ஏழையைப் போலவே கேட்பாரற்றுப் போகிறது.

எதிர்வாதங்கள் மூன்று உண்டு. எல்லாப் பிரசவத்துக்கும் பணம் கொடுத்தால் ஜனத்தொகை பெருகும் என்பது ஒன்று. ஆறாயிரம் ரூபாய்க்காகப் பிள்ளை பெறுபவள் எவளும் இருப்பதாக நாம் அறியோம். பிள்ளை வளர்த்த எவரும் இவ்வாதத்தைச் சொல்லத் துணியார். அன்றியும் தேசத்தில் ஒரு ஸ்திரீ பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை ஏற்கெனவே இரண்டாகக் குறைந்துவிட்டது. இல்லாத வெள்ளத்துக்கு அணை போடுகிறோம் என்று இருக்கும் குழந்தையின் பாலை நிறுத்துவது தகாது. மூன்றாவதாகப் பிறந்தது அக்குழந்தை செய்த பிழையன்று.

நிபந்தனை விதித்தால்தான் ஜனங்கள் நல்வழிப்படுவார்கள் என்பது இரண்டாவது. இதில் ஓரளவு உண்மையுண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் இளம் பெண்களிடையே நடத்திய ஒரு பரீட்சையின் முடிவு 2011இல் வெளியாயிற்று. பள்ளிக்கு வந்தால்தான் பணம் என்று ஒரு சாராருக்கும், நிபந்தனையின்றி மற்றொரு சாராருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். படிப்பில் நிலைத்து நிற்பதற்கு நிபந்தனையே கூடுதலாக உதவியது. ஆனால் படிப்பை விட்டுவிட்ட பெண்கள் சிறுவயதில் மணமுடிப்பதையும் கர்ப்பமுறுவதையும் வெகுவாகக் குறைத்தது நிபந்தனையற்ற பணமே. ஏனெனில் நிபந்தனையை நிறைவேற்ற இயலாதவளுக்கு, மிகவும் வேண்டியிருந்த வேளையில் அது சகாயத்தை நிறுத்திவிடுகிறது. பள்ளிக்கு நிபந்தனை பொருந்தலாம். பசிக்குப் பொருந்தாது.

செலவு மூன்றாவது. தேசத்தில் வருஷந்தோறும் ஏறக்குறைய இரண்டேகால் கோடி குழந்தைகள் பிறக்கின்றன. ஒரு தாயையும் விலக்காமல் ஆறாயிரம் கொடுத்தாலும் சுமார் 13,500 கோடி ரூபாய் ஆகும். 2017ஐ அடுத்த வருஷங்களில் இதற்கென இந்திய சர்க்கார் ஒதுக்கியது 2,500 கோடியை ஒட்டிய தொகையே. 2025–26ஆம் வருஷ பட்ஜெட்டில் அதன் மொத்தச் செலவு ஐம்பது லட்சம் கோடிக்கு மேல். ஆகவே, தேசத்தின் அத்தனை தாய்மார்க்கும் வேண்டியது, சர்க்கார் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முப்பது காசுக்கும் குறைவு. இந்த முப்பது காசுக்கு வழியில்லை என்று கூறுவோர், வேறு எவற்றுக்கெல்லாம் வழி கிடைத்தது என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்கள்.

செய்ய வேண்டியது தெளிவு. முதலாவதாக, சட்டத்தில் உள்ளபடி ஒவ்வொரு பிரசவத்துக்கும் சகாயம் அளிக்கப்பட வேண்டும். குழந்தையின் வரிசையும் பாலும் தாயின் வயதும் தடையாகக் கூடாது. இரண்டாவதாக, தொகை விலைவாசியோடு உயர வேண்டும். 2013ஆம் வருஷத்து ஆறாயிரத்தின் மதிப்பை இன்று காப்பதற்கே பதினாயிரத்துக்கு மேல் வேண்டும். உத்தியோகஸ்தர்களின் பஞ்சப்படி தானாக உயரும்போது, கூலிக்காரியின் பிரசவ சகாயம் மட்டும் அசையாதிருப்பது நீதியன்று. மூன்றாவதாக, பணத்தின் பெரும்பகுதி பிரசவத்துக்கு முன்னரே கைக்கு வர வேண்டும். குழந்தை தவழும் பருவத்தில் வரும் பணம் கடனைத் தீர்க்குமே தவிர, கர்ப்பத்தில் ஒரு குவளைப் பாலாக ஆகாது. நான்காவதாக, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் கிராம நர்சின் கையெழுத்தே போதிய அத்தாட்சியாக வேண்டும். ஆபீஸ் தாயைத் தேடி வரவேண்டுமேயன்றி, நிறைமாதக்காரி ஆபீசைத் தேடி அலையக் கூடாது.

தமிழ்நாட்டு சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. முப்பத்தெட்டு வருஷங்களுக்கு முன் வழிகாட்டிய இராஜ்யம், டில்லி அசையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் உள்ள வேலிகளை அது தானே முதலில் எடுத்தெறிந்து, மற்ற இராஜ்யங்களுக்கும் இந்திய சர்க்காருக்கும் முன்மாதிரியாக நிற்கலாம். நமது சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் கட்சி பேதம் பாராட்டாமல் இவ்விஷயத்தைக் கையிலெடுக்க வேண்டும்.

தருமம் கேட்டு நமது தாய்மார் கையேந்தி நிற்கவில்லை. தேசத்தின் சட்டசபை எழுதிக் கொடுத்த கடன் சீட்டு அவர்கள் கையில் இருக்கிறது. அதைச் செலுத்தும் சக்தியும் தேசத்துக்கு இருக்கிறது. செலுத்தும் மனமும் உண்டென்பதை ஆள்பவர்கள் இனியேனும் காட்டுவார்களாக.